போப்பாண்டவர் பூசையில் எழுந்து போகாத இரண்டு பேர்

எனக்குச் சாமி கும்பிடப் பிடிக்காது. கும்பிடுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வரும். கோயம்புத்தூரில் என் அம்மா இதைக் கேட்டால் அழுவாள். நியூ ஜெர்ஸியில் என் கணவர், "சரி சரி, அதை ஊருக்கே சொல்லிட்டிருக்காதே" என்பார். அப்படிப்பட்ட நான், தொண்ணூறுகளின் நடுவில் ஓர் இலையுதிர் காலத்து மழையில், டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரத்துக் கால்பந்து மைதானத்தில், போப்பாண்டவர் நடத்திய பூசையில் ஒரு மாலை முழுக்க நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கட்டி இழுத்துப் போகவில்லை. ஒரு தோழி கேட்டாள், போனேன்.

அவள் தூத்துக்குடிக்காரி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே இன்ஷூரன்ஸ் கம்பெனியில், ஒரே தளத்தில், பழைய கோபோல் மொழிக் கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்கிற வேலையில் இருந்தோம். ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ். பார்க்வேயில் பறக்கிற கார்களுக்கு நடுவே நுழைந்து மெர்ஜ் பண்ண அவளுக்குப் பயம், அதனால் தினமும் நான்தான் டிரைவ் பண்ணுவேன். நான் லேன் மாறும்போதெல்லாம் அவள் பையிலிருந்து செபமாலையை எடுத்துவிடுவாள். "மாதாவை நம்புறவ பிளிங்கரையும் கொஞ்சம் நம்பேன்டி" என்று சீண்டுவேன். சிரிப்பாளே தவிர ஒரு நாளும் கோபித்துக்கொண்டது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்ததும் கிடையாது. பனி கொட்டிக் காரைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்த நாளில்கூடப் போனாள்.

அவள் கணவர் சென்னைக்காரர், இந்து. கல்லூரியில் காதலித்து, இரண்டு வீட்டிலும் அடித்து விரட்டாத குறையாக எதிர்த்தும், ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். தங்கமான மனிதர். ஞாயிறு காலை அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பார்க்கிங் லாட்டில் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பூசை முடிந்ததும் இருவரும் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு வருவார்கள். "உள்ள வந்து உக்காருங்களேன்" என்று அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

போப்பாண்டவர் நியூ ஜெர்ஸிக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அவளுடைய கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அவளுக்கு நான்கு டிக்கெட் விழுந்தது. விஷயம் எங்கள் காம்ப்ளெக்ஸ் தமிழர்களுக்கு எட்டியதுதான் தாமதம், அவள் வீட்டு ஆன்ஸரிங் மெஷின் நிரம்பி வழிந்தது. வருஷா வருஷம் காரை எடுத்துக்கொண்டு பிட்ஸ்பர்க் பெருமாளைப் பார்க்கப் போகிற ஆன்ட்டி ஒருவர், "எல்லா சாமியும் ஒண்ணுதானேம்மா, மிச்ச டிக்கெட் யாருக்கு?" என்று கேட்டாராம். எல்லா சாமியும் ஒன்று என்கிற தத்துவம், எங்காவது ஓசியில் ஏதாவது கிடைக்கும்போதுதான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும். சொந்தப் பெண் வேறு சாமி கும்பிடுகிற பையனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றால், அன்றைக்கு மட்டும் சாமிகள் தனித்தனியாகப் பிரிந்துவிடுவார்கள்.

என் கணவரும் இதற்கு விதிவிலக்கில்லை. நயாகராவைப் பார்த்தாயிற்று, வெள்ளை மாளிகையைப் பார்த்தாயிற்று, மிக்கி மவுஸோடு போட்டோவும் எடுத்தாயிற்று. அந்த வரிசையில் அடுத்தது போப்பாண்டவர். "நம்ம ஊர்ல இருந்தா இவரைப் பாக்க முடியுமா? உன் ஃபிரெண்டுதானே, கேளேன்" என்று நச்சரித்தார். நான் கேட்க மாட்டேன் என்றேன். வெட்கமாக இருக்கிறது என்றேன். அதற்குள் மறுநாள் காரில் அவளே ஆரம்பித்தாள்.

"ஏட்டி, பூசைக்கு நீயும் அண்ணனும் வாங்க."

"அவர் ஓடி வருவார். என்னை விட்டுரு. உங்க போப்புக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன், என்னைக் கொண்டுபோய் அவர் முன்னாடி உக்கார வைக்கிறே?"

"நீதான்ட்டி முக்கியமா வரணும்" என்றாள். அவள் விளையாடவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

பூசையின் கடைசியில் நன்மை கொடுப்பார்கள், எல்லாரும் எழுந்து வரிசையில் போய் வாங்குவார்கள் என்றாள். காசு அளவில் வெள்ளையாக ஒரு சின்ன அப்பம். நம் கண்ணுக்கு அப்பம், அவர்களுக்கு அது ஆண்டவருடைய உடல். ஏழு எட்டு வயதில் வெள்ளை கவுனும் முக்காடும் போட்டுக்கொண்டு முதல் முறை அதை வாங்குவதைத் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம் மாதிரி கொண்டாடுவார்களாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்கவில்லை. ஏழு வருஷம்.

"ஏன்?"

"எங்க கல்யாணம் கோயில்ல நடக்கலைல்லா. கோயில்ல நடக்காத கல்யாணம் கல்யாணக் கணக்குல வராது. அப்படி இருக்கிறவ நன்மை வாங்கக் கூடாது."

"அப்ப கோயில்ல ஒரு தடவை பண்ணிக்கிட்டா முடிஞ்சு போச்சு."

"அதுக்கு, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பாடுபடுவேன்னு நான் கோயில் சாமியார்கிட்ட வாக்குக் குடுக்கணும். பேரப்பிள்ளை தலையில தண்ணி ஊத்த மாட்டேன்னு எங்க மாமியார் தலையில கை வச்சு சத்தியம் பண்ணிட்டேன். அதுக்குப் பெறகுதான் அவுக என்னை வீட்டுக்குள்ளேயே விட்டாக."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது. ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் சாமியார். இரண்டு பேரும் இவளிடம் சத்தியம் கேட்கிறார்கள், இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பிள்ளையின் தலை. பிள்ளைக்கு அப்போது நாலு வயது. அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"உன் வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. தன்னாலதான் இவளுக்கு இப்படி ஆச்சுன்னு நெனச்சுட்டாகன்னா அவுக தாங்க மாட்டாக. அதனாலதான் உள்ளயே கூப்பிட மாட்டேன். இப்ப இந்தப் பூசைக்கு ஆசையா கெளம்பிட்டாக, வேண்டாம்னா சொல்ல முடியும்? எல்லாரும் எந்திரிச்சுப் போகும்போது நான் மட்டும் உக்காந்திருந்தா ஏன்னு கேப்பாக. நீ எப்படியும் எந்திரிச்சுப் போக மாட்டே. நீ பக்கத்துல இருந்தா, ரெண்டு பொம்பளைங்க உக்காந்து பேசுதாகன்னு விட்டுருவாக."

ஆக, எனக்கு வந்த அழைப்பின் காரணம் இதுதான். அங்கே வரப்போகிற அத்தனை ஆயிரம் பேரில் எழுந்து போகவே மாட்டாள் என்று நம்பி உட்கார வைக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

"யாருடி அது, உனக்கும் உன் சாமிக்கும் நடுவுல டோல் கேட் போட்டு உக்காந்திருக்கிறது?" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட் தாண்டிப் போய்விட்டது.

"அப்படிச் சொல்லாதட்டி" என்றாள். "சட்டம்னா சட்டம்தான். நீ வாரியா, மாட்டியா?"

வருகிறேன் என்றேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டிருந்தார்கள். மத்தியானம் அவள் கோயில் பார்க்கிங் லாட்டிலிருந்து மஞ்சள் நிறப் பள்ளிக்கூடப் பஸ்கள் கிளம்பின. குழந்தைகள் உட்காரும் ஸீட்டில் முட்டியை மடக்கிக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்து பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். என் தோழி பஸ் ஏறும்போதே, "முட்டி வலிக்கு" என்று ஆரம்பித்துவிட்டாள். கணவர் காதில் விழுகிற மாதிரி மூன்று நான்கு தடவை சொன்னாள். அதோடு ஆண்கள் இருவரையும் பார்த்து, "கடைசில நன்மை குடுப்பாக. கிறிஸ்தவங்க மட்டும்தான் வாயில போடலாம். நீங்க ரெண்டு பேரும் வாங்கிச் சாப்பிட்டுராதீங்க" என்றும் சொல்லிவைத்தாள். அவள் கணவர் பொறுப்பாகத் தலையாட்டினார். என் கணவர், "யாரு வந்து செக் பண்ணப் போறா?" என்றார்.

மைதான வாசலில் குடை கூடாது என்று பிடுங்கிக்கொண்டார்கள். மழைக்கென்று மெல்லிய பிளாஸ்டிக் உறைகளை விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல வியாபாரம். போப் படம் போட்ட டீ ஷர்ட், போப் படம் போட்ட தொப்பி, போப் படம் போட்ட காபிக் கோப்பை. நம் ஊர்க் கட்சி மாநாட்டில் கண்ணாடி பேட்ஜும் கொடியும் விற்பவர்கள் இங்கே வந்தால் ஒரே நாளில் பாஷை பழகிக்கொள்வார்கள். லாரிக்குப் பதில் பஸ், பிரியாணிப் பொட்டலத்துக்குப் பதில் பிரெட்ஸல். தலைவர் வரத் தாமதமாவது வரைக்கும் அப்படியே இருந்தது. அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று ஊருக்கு லெட்டர் எழுதுகிறவர்களை அந்த மண் சேற்று வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் இடம் மைதானத்தின் உச்சாணியில். கீழே தெரிந்த மேடை தீப்பெட்டி அளவு இருந்தது. போப்பாண்டவர் கண்ணாடிக் கூண்டு வைத்த வண்டியில் ஒரு சுற்று வந்தபோது, பெஞ்சு மேல் ஏறி நின்று அத்தனை பேரும் கத்தினார்கள். நான் பார்த்தது ஒரு வெள்ளைப் புள்ளி. மற்றபடி எல்லாமே ராட்சசத் திரையில்தான். என் கணவர் கேம்கார்டரைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு அந்தத் திரையைப் படம் பிடித்தார். வீட்டில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்திருக்கக்கூடியதை, நனைந்துகொண்டே, குளிரில் நடுங்கிக்கொண்டே, இன்னொரு டிவிக்காகப் பதிவு செய்தார். அதைச் சொன்னேன். "உனக்கு எதையுமே அனுபவிக்கத் தெரியாது" என்றார்.

பக்கத்தில் தோழியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கீழே அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் மழைத் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த வயதான மனிதர் மேல் எனக்குத் தனியாகக் கோபம் ஒன்றும் இல்லை. வேளாவேளைக்கு ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அவரையும் மழையில் நிறுத்தியிருந்தார்கள். இவள் அவரை அப்படிப் பார்த்ததுதான் பொறுக்கவில்லை. அவருடைய சட்டம்தான் இவளை வெளியே வைத்திருக்கிறது. வெளியே வைக்கப்பட்டவள் அல்லவா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருக்கிறவர்கள் பாதிப் பேர் நாச்சோஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் கட்டம் ஒன்று வந்தது. முன் வரிசை, பின் வரிசை என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் கணவர் பின் வரிசைக்காரர் ஒருவரோடு கொஞ்சம் அதிக நேரம் குலுக்கினார். திரும்பிப் பார்த்தால் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் ஏதோ பேங்கில் டேட்டாபேஸ் பிரிவு மேனேஜராம். "அங்க ஓப்பனிங் இருக்காம்" என்று என் காதில் கிசுகிசுத்தார். சமாதானம் கிடைத்ததோ இல்லையோ, ஒரு கான்டாக்ட் கிடைத்தது.

பிறகு, கொடுப்பதற்கு முன்னால் அந்த அப்பத்தை ஒரு தடவை தூக்கிக் காட்டும் நேரம் வந்தது. மைதானம் முழுக்க சட்டென்று பேச்சு நின்றது. எங்கள் பகுதியில் ஈரத்துக்குப் பயந்து பலர் நின்றுகொண்டே தலை குனிந்தார்கள். என் தோழி பொத்தென்று முட்டி போட்டுவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சிமெண்ட் படியில், பஸ் ஏறியதிலிருந்து வலிக்கிறது என்று ஊரைக் கூட்டிச் சொன்ன அதே முட்டியில். அவள் கணவர் குனிந்து, "ஏம்மா, முட்டி வலிக்கிதுன்னியே, எழுந்துக்கோ" என்று பதறினார். அவள் எழுந்திருக்கவில்லை. நான் அவள் முதுகில் கிள்ளினேன். "முட்டி வலிக்கிறவ இப்படியா உக்காருவே? நீயே காட்டிக் குடுத்துருவே" என்றேன். அவள் காதில் விழுந்த மாதிரியே இல்லை.

கடைசியில் நன்மை கொடுக்கும் நேரம். மைதானத்தின் எல்லாப் பகுதிக்கும் பாதிரியார்கள் கிண்ணத்தோடு படி ஏறி வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் குடை பிடித்தார். வாசலில் நம் குடையைப் பிடுங்கியவர்கள் அப்பத்துக்கு மட்டும் குடை வைத்திருந்தார்கள். வரிசைகள் எழுந்தன. என் கணவர், "ஏதோ குடுக்கறாங்க, வா" என்று சொல்லிவிட்டு எனக்குக் காத்திராமல் நடையைக் கட்டினார். பஸ்ஸில் தோழி சொன்னது அவருக்கு நினைவிருந்திருக்கும். ஆனால் கோயில் எதுவானாலும் வரிசை என்று ஒன்று இருந்து, அதன் முனையில் ஒருவர் கையில் ஏதாவது வைத்தால், அதில் நிற்காமல் திரும்ப அவரால் முடியாது.

தோழியின் கணவர் எழுந்து அவளைப் பார்த்தார். "நீ வரலையா?"

"முட்டி வலிக்கு. இவளும் தனியா இருக்காள்ல, நாங்க இருக்கோம். நீங்க போயி பாத்துட்டு வாங்க."

அவர் ஒரு நிமிஷம் தயங்கி நின்றார். பிறகு ஏதோ முடிவு செய்தவராகக் கிளம்பினார். சொன்னபடி எல்லாம் நடந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி.

எங்கள் வரிசையில் இருந்த எல்லாரும் எங்கள் முட்டியை இடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் தோழியின் தோளைத் தொட்டு, வரவில்லையா கண்ணே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இவள் சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அலுவலகத்திலிருந்து தெரியும், பதவி உயர்வு அடுத்தவருக்குப் போனபோதும் அதேபோல்தான் சிரித்தாள். அந்தப் பெரிய வரிசைப் பெஞ்சு முழுக்கக் காலியாகி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடுவில் இருந்தோம். சாமியே இல்லை என்கிறவளும், சாமியைத் தவிர வேறு நினைப்பு இல்லாதவளும். இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை. எனக்கு அது தண்டனையே இல்லை.

"நாசமாப் போக" என்றேன்.

"யாரு?"

"எல்லாரும்."

"பேசாம இரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. அவள் உதடுகள் ஏதோ செபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தன.

அவள் கணவர்தான் முதலில் திரும்பினார்; என் கணவர் கீழே பேங்க் மேனேஜரோடு பேச்சில் நின்றுவிட்டார். படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். இரண்டு கையையும் மார்போடு சேர்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் எதையோ மழை படாமல் பொத்திப் பிடித்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் முன்னால் வந்து குனிந்து கையைத் திறந்தார். உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பர், கோயிலில் விபூதியை மடிக்கிற மாதிரி நான்கு பக்கமும் அழகாக மடித்திருந்தது. பிரித்தார். நடுவில் அந்த வெள்ளை அப்பம்.

"நான் வாயில வைக்கல. நீ சொன்னது ஞாபகம் இருக்கு, நான் சாப்பிடக் கூடாது. உனக்குத்தான் வாங்கிட்டு வந்தேன். முட்டி வலியோட அவ்ளோ நேரம் மண்டி போட்டியே, உனக்கு இல்லாம எப்படி? இந்தா."

அவரை எப்படிக் குறை சொல்வது? கோயிலுக்கு வர முடியாதவர்களுக்குப் பிரசாதத்தை மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர் பிறந்து வளர்ந்த வீட்டுப் பழக்கம். படுத்திருப்பவருக்கு, தீட்டில் இருப்பவளுக்கு, ஊரில் இல்லாத பிள்ளைக்குக்கூட ஒரு பொட்டலம் எடுத்து வைப்பார்கள். வாங்கத் தனக்கு உரிமை இல்லாத ஒன்றைத் தன் மனைவிக்காக வாங்கி, தான் தின்னாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார். நான் பார்த்த பக்தி எல்லாவற்றிலும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது அந்த டிஷ்யூ பேப்பர் மேல்தான். ஆனால் அதைப் பார்த்த என் தோழியின் முகத்தில் இரத்தமே இல்லை.

அதற்குள் அவர் பின்னாலேயே ஓர் ஆள் மூச்சு வாங்க வந்து நின்றார். மார்பில் குறுக்கே மஞ்சள் பட்டை கட்டிய தொண்டர். வயசானவர், மழைக் குளிரில் மூக்கு சிவந்திருந்தது. கீழேயிருந்து இவரைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

"சார், அதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது" என்றார் ஆங்கிலத்தில். "வாங்கிய இடத்திலேயே உட்கொள்ள வேண்டும். நீங்கள் கத்தோலிக்கரா?"

"இல்லை, என் மனைவி" என்று அவர் பெருமையாக இவளைக் காட்டினார். "அவளுக்குக் கால் வலி. அதனால்தான் எடுத்து வந்தேன்."

தொண்டர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அப்படியானால் சரி. மேம், தயவுசெய்து நீங்கள் இப்போதே உட்கொண்டுவிடுங்கள். மழையில் கரைந்துவிடும்."

ஏழு வருஷமாக அவளைத் தள்ளி உட்கார வைத்த அதே கூட்டத்தின் ஆள், பட்டை கட்டிக்கொண்டு வந்து, சாப்பிடு சாப்பிடு என்கிறார். கணவர் டிஷ்யூவை அவள் கைக்குள் வைத்துவிட்டார். சாப்பிட்டால் அவள் சட்டப்படி அது பெரும் பாவம். சாப்பிட மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும், அதுவும் யாருக்குத் தெரியக் கூடாதோ அவர் முன்னால். அவள் என்னைப் பார்த்தாள். இதற்குத்தானே என்னைக் கூட்டி வந்தாள்?

"என்கிட்ட குடுடி" என்று கையை நீட்டினேன். "நான் தின்னுடறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"நீ தொடாத."

அப்படி ஒரு குரலில் அவள் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. என் கை அந்தரத்தில் நின்றது. வலித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் கணக்கில், அந்த அப்பத்துக்கு நான் அவளைவிட இன்னும் பல வாசல் தள்ளி நிற்பவள்.

அவள் எழுந்து நின்றாள். தொண்டரைப் பார்த்து, நிதானமாக, அலுவலக மீட்டிங்கில் பேசுகிற ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் கத்தோலிக்கப் பெண்தான். ஆனால் என் திருமணம் கோயிலில் நடக்கவில்லை. நான் இதை வாங்கக் கூடாது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்."

தொண்டர் திகைத்துப்போனார். எதிர்பார்த்த வேலை இது இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஐ ஆம் ஸாரி" என்று முணுமுணுத்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, ஓரம் நனைந்து நெகிழ ஆரம்பித்திருந்த அந்த அப்பத்தை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். டிஷ்யூவில் ஒட்டியிருந்த துணுக்கையும் விடவில்லை. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். அவருக்கு அன்றைக்கு இரண்டாவது தடவை. இவளுக்கு இல்லை. நான் அவர் முதுகைப் பார்த்து வாய்க்கு வந்ததைத் திட்டினேன். தமிழில் திட்டியதால் அங்கே யாருக்கும் நஷ்டமில்லை.

தோழியின் கணவர் வெறுங்கையோடு நின்றார். அவர் கை இன்னும் பொட்டலத்தைப் பொத்தின மாதிரியே குவிந்திருந்தது.

"என்ன சொன்னே நீ அவர்கிட்ட?" என்று கேட்டார். அவருக்குப் புரியாமல் இல்லை. தமிழில் ஒரு தடவை கேட்க வேண்டியிருந்தது.

அவள் சொன்னாள். நன்மை என்றால் என்ன, அதை ஏன் வாங்குவதில்லை, எவ்வளவு நாளாக வாங்குவதில்லை, எல்லாவற்றையும் அந்த மழையிலேயே சொன்னாள். கீழே ஆயிரம் பேர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஈர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வாரா வாரம் நான் வெளிய உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தேன்" என்றார். "நீ உள்ள போய் இப்படி உக்காந்திருந்திருக்கே."

அவர் நெற்றியில் வழிந்த தண்ணீரை அவள் கையால் வழித்துவிட்டாள்.

"எங்க அம்மாகிட்ட பண்ண சத்தியம்தானே? அதை நான் பேசிக்கறேன். இன்னிக்கே ஃபோன் போடறேன்" என்றார்.

"அத்தைக்காக இல்ல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரில் என்னிடம் சொன்ன காரணம் அதுதானே?

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப? நம்ம கல்யாணம் பாவமா? சொல்லு, என்னைக் கட்டிக்கிட்டது உங்க சாமிக்குப் பாவமா?"

"சாமியார்கிட்ட போயி கேட்டேன். அத்தை சத்தியத்துக்குக்கூட வழி இருக்குன்னாரு, பாத்துக்கலாம்னாரு. மொதல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணணும், செஞ்ச பாவத்தச் சாமியார்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும்னாரு. கோயில விட்டு இப்படிக் கல்யாணம் பண்ணிட்டு வாழ்ந்தது தப்பு, அதுக்காக வருத்தப்படுதேன்னு மனசாரச் சொல்லணும். அது போதும்னாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் எத்தனையோ மட்டம் அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டு வரைக்கும் போயி முட்டி போட்டேன். உங்களக் கட்டுனதுக்கு எனக்கு வருத்தமே வரலையே. சாமிகிட்ட போயி எப்படிங்க பொய் சொல்ல முடியும்?"